பின்னணி இசையும் இல்லாத ஏடுகளும்

சாஸ்திரிய இசைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழில் பேச்சு எடுத்தால் அது இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. இன்ன படத்தில் இன்ன பாட்டு இன்ன ராகம் என்பது ஒன்று. அந்தக் காலத்துப் படங்களில் ஸங்கீதம் இருந்தது, இப்போது எங்கே என்பது மற்றொன்று. முதலாவது குறுக்கெழுத்துப் போட்டி, இரண்டாவது பெருமூச்சு. பாட்டு இல்லாத நேரத்தில், பாத்திரங்கள் நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் சும்மா நின்றுகொண்டும் இருக்கும்போது, அவர்களுக்குப் பின்னாலிருந்து கேட்கும் இசையைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் கிடையாது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தாளில் எழுதப்பட்டு, பல வாத்தியங்களுக்கெனப் பிரிக்கப்பட்டு, வாசித்துப் பதிவு செய்யப்பட்ட இசையில் மிகப் பெரிய பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு ஒரு சரித்திரம் எழுத வேண்டுமென்றால் கையில் எடுத்துப் பார்க்க ஒரு ஏடு கூட இல்லை என்பது அடுத்த விஷயம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த அடுத்த விஷயத்தைப் பற்றியது.

ஏடு இல்லாமல் போவது நமக்குப் புதிதல்ல. நான் இதை எழுதுவது வல்லக்கோட்டையிலிருந்து. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவிலுள்ள ஊர். கார் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பஸ்கள் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும் பிரதேசம். இதன் பழைய பெயர் கோடைநகர். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் அந்தப் பெயர் சொல்லி இந்த ஊர் முருகனைப் பாடியிருக்கிறார். அவர் பாடியவற்றில் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1300. அதுவும் முன்சீப்பாக இருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஊர் ஊராகச் சுவடி தேடி அச்சேற்றியதால் கிடைத்தது. பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சந்தக் குழிப்பு இருக்கும். தாளத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது, மெட்டு போய்விட்டது. இன்று பாடப்படுகிற மெட்டுகள் பின்னால் வந்தவர்கள் போட்டவை. கச்சேரி மேடையில் திருப்புகழுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை முக்கியமானவர். ஆனால் இந்தக் கோயிலின் ஒலிபெருக்கியில் கிருத்திகைதோறும் கேட்பது 1964இல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடியது, டி. ஆர். பாப்பா மெட்டமைத்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அது அருணகிரியார் காலத்து மெட்டு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சினிமாவுக்கு வேலை செய்த ஒரு வயலின்காரர் ஐந்நூறு வருஷத்து ஓட்டை ஒன்றை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. திருப்புகழில் எழுத்து தங்கி ஒலி போயிற்று. நான் சொல்ல வருகிற இசையில் ஒலி தங்கியிருக்கிறது, எழுத்து போய்க்கொண்டிருக்கிறது.

சாஸ்திரிய இசையில் தேர்ந்தவன் சினிமாவுக்கு எழுதுவது உலகில் எங்குமே சுமுகமாக நடந்த காரியமல்ல. ஷோஸ்தகோவிச் இளமையில் ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். 1929இல் 'நியூ பாபிலோன்' படத்துக்கு முழு இசையும் எழுதினார். புரோகோஃபியேவ் 1938இல் ஐஸன்ஸ்டைனின் 'அலெக்ஸாந்தர் நெவ்ஸ்கி'க்கு எழுதியதை மறு வருஷமே ஒரு கந்தாத்தாவாக்கிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். படம் பார்க்காதவன்கூட இன்று அதைக் கேட்கலாம், தாளை விரித்து வைத்துப் படிக்கலாம். நம் நாட்டில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) ரவிசங்கரையும், 'ஜல்ஸாகர்' படத்துக்கு (1958) விலாயத் கானையும், 'தேவி'க்கு (1960) அலி அக்பர் கானையும் அழைத்தார். மூவரும் மேதைகள். 'தீன் கன்யா'வில் (1961) தொடங்கி ராய் தன் படங்களுக்குத் தானே இசையமைக்க ஆரம்பித்தார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ராகம் விரிவதற்குக் காலம் வேண்டும். படமோ அடிக்கணக்கில் நறுக்கப்பட்டது. நிமிஷத்துக்கு 90 அடி, ஆயிரம் அடி ரீலுக்குப் பதினொரு நிமிஷம். பன்னிரண்டு விநாடி ஷாட்டுக்கு ஆலாபனை கிடையாது. அந்தப் பன்னிரண்டு விநாடிக்குள் ஒரு உருவம் தொடங்கி முடிய வேண்டும். அது வேறு வித்தை. வித்வான் என்பதனால் மட்டும் அது கைவந்துவிடாது.

வன்ராஜ் பாட்டியாவின் கதை வேறு மாதிரி. லண்டன் ராயல் அகாடமியிலும் பாரிஸில் நதியா பூலான்ஷேயிடமும் மேற்கத்திய இசை கற்றுத் திரும்பியவருக்கு பம்பாயில் வாசிக்க ஆர்கெஸ்ட்ரா இல்லை, கேட்க ஆள் இல்லை. விளம்பரங்களுக்கு எழுதினார். 'அங்குர்' (1974) முதல் ஷ்யாம் பெனகலுக்கு எழுதினார். 'தமஸ்' அவருக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. அவருக்கு சினிமா ஒரு தங்குமிடம். படித்தது ஒன்று, பிழைத்தது ஒன்று என்ற கசப்பு அவரைப் பற்றி எழுதியவர்களின் தொனியிலும் இருக்கிறது.

தமிழில் இந்த வரிசை வீணை எஸ். பாலசந்தரிடமிருந்து தொடங்க வேண்டும். 1954இல் அவர் ஏ.வி.எம்முக்கு இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. கதாகாலட்சேபம் போலப் பாட்டால் நிரம்பியிருந்த சினிமாவில் ஒரு வைணிகர்தான் பாட்டை எடுத்தெறிந்தார் என்பதை நாம் இன்னும் சரியாக யோசித்துப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் எம். பி. ஸ்ரீநிவாசன். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கண்டவர், மெட்ராஸ் யூத் கொயர் கண்டவர். அடூரின் 'ஸ்வயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981) படங்களில் எங்கே இசை வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ் அவரைப் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. மலையாளத்துக்குத் தந்துவிட்டு உட்கார்ந்தோம்.

பிறகு எல். வைத்தியநாதன். தம்பிகள் எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் உலக மேடைகளில் வயலின் வாசிக்கப் போனார்கள். அண்ணன் கோடம்பாக்கத்தில் தங்கினார். ஆலைக் கழிவைப் பற்றிய 'ஏழாவது மனிதன்' (1982) அவருடையது. அந்தப் படத்தை இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு பார்ப்பதற்கும் வேறிடத்திலிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் அது தனிக் கட்டுரை. தமிழில் 'பேசும் படம்' என்று வந்த 'புஷ்பக விமானம்' (1987) அவருடையது: முழு நீளப் படத்தில் வசனம் ஒரு வரி கிடையாது. வசனம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை இசை செய்தாக வேண்டும், அதே நேரம் வசனம் போல உளறவும் கூடாது. அதைச் செய்தார். 'மால்குடி டேஸ்' தொடரின் மெட்டை முணுமுணுக்காத ஆள் இல்லை, அவர் பெயரைச் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலர்.

இளையராஜாவுக்கு வருகிறேன். அண்ணன் பாவலர் வரதராஜனின் கட்சி மேடைகள், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பயிற்சி, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976இல் 'அன்னக்கிளி' என்ற வரலாறு எல்லோருக்கும் தெரிந்தது; திரும்பச் சொல்ல வேண்டாம். முக்கியமாக எனக்குப் படுவது, அவர் எழுதுகிறவர் என்பது. ரீலை ஒருமுறை போட்டுப் பார்ப்பார். உட்கார்ந்து, வாத்தியம் எதையும் தொடாமல், நேரே தாளில் எழுதுவார். பிரதி எடுப்பவர்கள் அதை முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று பிரித்து எழுதுவார்கள். திரையில் படம் ஓட, கூடத்தில் வாசிப்பு நடக்கும். சில நாள்களில் ஒரு படத்தின் பின்னணி முடிந்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கான படங்கள். அவசரத்தில் எழுதியது, அரைத்த மாவு, வெற்று இட்டுநிரப்பல் எல்லாம் அதில் உண்டு. வாரம் ஒரு கந்தாத்தா என்று எழுதிய பாஹிடமும் அது உண்டு.

'உதிரிப்பூக்கள்' (1979) நம் வட்டத்துக்கு நெருங்கிய உதாரணம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்தது. மூலத்திலிருந்து படம் எவ்வளவு விலகியது என்று நாம் வாதாடியிருக்கிறோம். அசோக்குமாரின் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மகேந்திரன் பேச்சைக் குறைத்தார் என்று சிலாகித்திருக்கிறோம். குறைத்த இடத்தில் என்ன வைத்தார்? கணவனின் கொடுமை வாயால் சொல்லப்படாமல் இருப்பதற்கு, அதை வேறொன்று தாங்கிக்கொண்டிருப்பது காரணம். அந்த வேறொன்று தந்திகள். நான் படித்த அளவில் இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு பத்தி கூட வந்ததில்லை. ஸபா விமரிசகனுக்கு அது சினிமா. சினிமா விமரிசகனுக்கு அது இசை. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

அரசாங்கத்தின் காதும் இதே காதுதான். அவருக்கு முதலில் கிடைத்த மூன்று தேசிய விருதுகளைப் பாருங்கள்: 'ஸாகர ஸங்கமம்' (1983), 'சிந்து பைரவி' (1985), 'ருத்ரவீணா' (1988). முதலாவதில் கதாநாயகன் நாட்டியக்காரன். மற்ற இரண்டிலும் கர்நாடக ஸங்கீதக்காரர்கள். கதைக்குள் தம்பூரா வந்தால்தான் இசை சாஸ்திரியமாகிறது போலும். பின்னணி இசைக்கென்றே அவருக்கு விருது வந்தது 2009ஆம் ஆண்டுக்கான பட்டியலில், மலையாள 'பழசி ராஜா'வுக்கு. 'அன்னக்கிளி'யிலிருந்து எண்ணினால் 33 வருஷம்.

இன்னொரு சம்பவம், விருதை விட இது எனக்கு ருசிகரமானது. கமல்ஹாசனின் 'ஹே ராம்' படத்துக்கு (2000) முதலில் இசையமைத்தவர் எல். சுப்ரமணியம், மேலே சொன்ன வைத்தியநாதனின் தம்பி, உலகறிந்த வித்வான், ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியவர். பாட்டுகள் பதிவாகிப் படமாக்கவும் பட்டுவிட்டன. பிறகு அவர் விலக, இளையராஜா வந்தார். எடுத்த காட்சிகளைத் தூக்கி எறியாமல், நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி புதிய மெட்டுகள் போட்டார். வேறொருவர் மெட்டுக்கு அசைந்த வாயில் தன் மெட்டை உட்கார வைப்பது; கிட்டத்தட்ட சந்தக் குழிப்பைப் பார்த்துக்கொண்டு திருப்புகழுக்கு மெட்டுப் போடுகிற காரியம். பின்னணி இசையை புடாபெஸ்டில் பதிவு செய்தார். இதில் யார் பெரிய கலைஞர் என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. கச்சேரிக்கு எழுதுவதும் ஃபிலிமுக்கு எழுதுவதும் இரண்டு தனித் திறன்கள் என்பது தெரிய வருகிறது, அவ்வளவே.

தனித் திறன்கள் என்றால் ஒன்று மற்றதற்கு என்ன செய்கிறது? இதற்கு 'வீடு' படத்தை விடத் தெளிவான சாட்சி கிடையாது. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். சினிமாவோடு சம்பந்தமில்லாதது, தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம், வி. எஸ். நரசிம்மனின் வயலின். பாஹின் வயலின் பார்த்தீத்தாவிலிருந்து ஒரு பிரெலூட் அதில் உள்ளே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறது. ஃபியூக் இருக்கிறது. ரஸிகர்கள் இதைத்தான் 'இளையராஜாவின் கிளாஸிக்கல்' என்று தனி அலமாரியில் வைத்தார்கள். 1988இல் பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தபோது பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்து, பின்னணிக்கு இந்த இசைத்தட்டையே எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்க்காமல் எழுதிய இசை, படத்தில் தைத்தது போல உட்கார்ந்துவிட்டது.

போன வருஷம் இங்கே ஒரு நண்பரின் மாடியில் ஐந்தாறு பேர் சேர்ந்து 'வீடு' பார்த்தோம். இருவர் ஒரகடத்தில் வேலை செய்பவர்கள், ஒருவர் மனை வாங்கிக் கடனில் இருப்பவர். கொத்தனார், சிமெண்ட், லஞ்சம், ஒப்பந்தக்காரன் மூட்டை திருடுவது வரைக்கும் கூட்டத்தில் சிரிப்பும் ஆமோதிப்புமாக இருந்தது. கிழவர் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருகிறார்; சொக்கலிங்க பாகவதர். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். வயலின் வருகிறது. மாடியில் பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் அந்த மனையே குடிநீர் வாரியம் கையகப்படுத்திய நிலம் என்று தெரிய வரும்போது, கடன்காரர் எழுந்து கீழே போய்விட்டார். கையகப்படுத்தல் என்ற சொல்லை சிப்காட் பக்கத்து ஜனங்களுக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இது தற்செயல் பொருத்தம் என்றும், பாலு மகேந்திராவின் எடிட்டிங் சாமர்த்தியம் என்றும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இசைத்தட்டை மறுபடி கேளுங்கள். உருப்படிகள் சிறியவை, சில நிமிஷங்கள். ஒரு எண்ணம் தொடங்கும். பாதியில் வேறு வெளிச்சம் விழும். விளக்கம் சொல்லாமல் நின்றுவிடும். சோனாட்டாவின் கட்டுமானமும் இல்லை, கீர்த்தனையின் பல்லவி-அனுபல்லவி நியாயமும் முழுக்க இல்லை. இந்த உருவம் எங்கிருந்து வந்தது? பத்து வருஷமாக நாள்தோறும் ரீல் பார்த்து, இருபது விநாடிக்கும் ஒன்றரை நிமிஷத்துக்கும் எழுதி எழுதிப் பழகிய கையிலிருந்து வந்தது. அலமாரியில் தனியாக வைத்த 'கிளாஸிக்கல்' ரீ-ரெகார்டிங் கூடத்தில் பிறந்தது. அதனால் அது படத்துக்குள் போனபோது பிறந்த வீட்டுக்குப் போனது. புரோகோஃபியேவ் படத்திலிருந்து மேடைக்குப் போனார். இங்கே பாதை வளைந்து வளைந்து இரு திசையிலும் போகிறது. எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்று யாரும் சொல்ல முடியாது.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது இங்குள்ள பத்திரிகைகள் ஒரு தமிழன் கடைசியில் சாஸ்திரிய இசைக்குள் நுழைந்துவிட்டான் என்ற தோரணையில் எழுதின. 1993இல் ராயல் பில்ஹார்மானிக்குக்காக எழுதிய சிம்பொனி இசைத்தட்டாக வெளிவராமல் போனதற்கு இது ஈடு என்றும் எழுதின. சந்தோஷம். ஆனால் வாசலில் நின்றிருந்தவரை உள்ளே அழைத்தது போல எழுதியதுதான் எனக்கு உறுத்தியது. 'உதிரிப்பூக்கள்' வந்த வருஷமே உள்ளே இருந்தவர் அவர். சிம்பொனியின் தாள் பத்திரமாக இருக்கும். ஆர்கெஸ்ட்ராக்களுக்கு நூலகம் உண்டு. 'உதிரிப்பூக்க'ளின் தாள்?

தாளைப் பற்றிக் கேட்க ஒருவர் அகப்பட்டார். ஸ்டுடியோக்களில் முப்பது வருஷம் இரண்டாம் வயலின் வாசித்தவர். இப்போது மகனுக்கு இந்தப் பக்கம் கம்பெனி வேலை என்பதால் வல்லத்துக்கு அருகே குடியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். வாசித்த படங்களில் பெரும்பாலானவற்றை அவர் பார்த்ததில்லை. இசை நடத்துபவர் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும், திரை முதுகுக்குப் பின்னால். ஸ்டாண்டில் இருப்பது அவருடைய வரி மட்டும். மேலே படத்தின் பெயர், ரீல் எண். முதல் வயலின் என்ன செய்கிறது, செல்லோ எங்கே சேர்கிறது என்பதெல்லாம் வாசிக்கும்போது காதில் விழுவதுதான். வாசித்து முடித்தால் தாளை ஸ்டாண்டிலேயே விட்டு அடுத்த ரீல். அதற்குப் பிறகு அது எங்கே போகும் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? நாங்க டிபனுக்குப் போயிடுவோம்" என்றார். வீட்டில் ஒன்றாவது வைத்திருக்கிறாரா? இல்லை. நினைவிலிருந்து ஒரு படத்தின் துண்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். ஒரே சுரத்தில் நின்று, அரை சுரம் இறங்கி, மறுபடி ஏறி, நாலு அட்சரம் சும்மா இருந்து, மறுபடி அதே. அதைக் கேட்டு எந்தப் படம் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வயலின் மேலே இருந்தால்தான் அதற்கு அர்த்தம். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அந்த வரி இல்லாவிட்டால் மேலே இருப்பது சும்மா மெட்டு, என்றார்.

பாட்டுகளின் உரிமைக்காக வழக்குகள் நடந்திருக்கின்றன. பாட்டில் பணம் இருக்கிறது. பின்னணி இசையின் கைப்பிரதிக்காக யாரும் நீதிமன்றம் போனதில்லை. ஏறத்தாழ நாற்பது வருஷம் பிரசாத் ஸ்டுடியோவின் கூடத்தில் இளையராஜா வேலை செய்தார். 2019இல் இடத்தகராறு கிளம்பி நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரியில் அவர் கோடம்பாக்கத்தில் தனக்கென்று கூடம் திறந்துகொண்டார். அந்தச் செய்திகளில் வாத்தியங்களோடும் விருதுகளோடும் கைப்பட எழுதிய இசைக் குறிப்புகளும் அடிபட்டன. நாம் படித்தது யார் பக்கம் நியாயம் என்று. அந்தக் குறிப்புகளில் எவ்வளவு மிச்சம், அவற்றை யார் பிரதி எடுத்து வைப்பது, எந்த நூலகம் வாங்கும் என்று கேட்டு ஒரு கடிதம் கூட எந்தப் பத்திரிகையிலும் என் கண்ணில் படவில்லை. எழுத்தாளனின் கைப்பிரதி தொலைந்தால் சிறப்பிதழ் போடுகிற நாமும் கேட்கவில்லை. வைத்தியநாதன் 2007இல் காலமானார், ஸ்ரீநிவாசன் 1988இல். அவர்களுடைய தாள்களைப் பற்றிக் கேட்கும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது.

சுப்பிரமணிய பிள்ளைக்குச் சுவடியாவது இருந்தது. நமக்கு ஒலி இருக்கிறது: தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்த ஒற்றைத் தடம், பேச்சும் மாட்டுவண்டிச் சத்தமும் கலந்தது. அதிலிருந்து காதால் கேட்டு எழுத முடியுமா என்று வயலின்காரரும் நானும் நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'உதிரிப்பூக்க'ளில் ஒரு ரீல் எடுத்துக்கொண்டோம். அவர் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்க்கிறார். ஷிப்ட் பஸ் போகாத மதிய நேரத்தில் உட்காருவது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. இதுவரை மூன்றரை நிமிஷம் எழுதியாகியிருக்கிறது. ஒரு இடத்தில் லட்சுமி பேசுகிற குரலுக்கு அடியில் வயோலா இருக்கிறது என்கிறார் அவர். எனக்கு அது கேட்கவில்லை. குறிப்பில் அந்த நாலு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.